எட்டு வளையில் ஒரு தேரை

ஒரு காட்டில் வளைகளுக்குப் பஞ்சமே இல்லை, குடியிருக்கத்தான் இடமில்லை.

காட்டு நிலத்துக்கு அதிகாரி ஒரு யானை. வாழ்நாளில் எந்த வளைக்குள்ளும் நுழைந்திராதவர் என்பதால், வளை ஒதுக்கும் பதவிக்கு அவரைவிடத் தகுதியானவர் கிடைக்கவில்லை. வளைகளை அவர் வரிசையாகத்தான் கொடுப்பார், வரிசைக்கு எட்டு. திருப்பி வாங்குவதும் முழு வரிசையாகத்தான். ஒற்றை வளை வேண்டிய எலியும் தேரையும் எங்கே போகும்? அதற்குத்தான் ஏகாம்பரம் என்ற பெருச்சாளி இருந்தார். வரிசை வரிசையாக வாங்கி, ஒவ்வொரு வளையாகப் பிரித்துக் கொடுப்பார். காலி செய்கிறவர்கள் அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் யானையிடம் சொல்ல மாட்டார்.

மழைக்காலம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, நிறைமாத முள்ளம்பன்றி செங்கமலம் யானையிடம் வந்தாள். அவள் முள்ளுக்கு ஒற்றை வளை போதாது. நடுச்சுவர்களை இடித்து ஒரு முழு வரிசை வேண்டும்.

“வரிசை இல்லையம்மா. இருக்கிற நாற்பதும் ஏகாம்பரம் பேரில்.”

“நானே ஒன்று தோண்டிக்கொள்கிறேன், ஐயா.”

“கொடுக்காத மண்ணில் கால் வைத்தால் காட்டைவிட்டே வெளியேற்றுவேன். விதி.”

மழைக்கும் இந்த விதி தெரியுமா என்று கேட்க வாயெடுத்தாள். வயிறு வலித்ததால் விட்டுவிட்டாள். போகிற வழியில் வரிசைகளை எட்டிப் பார்த்தாள். நாற்பது வரிசை, குடியிருப்பது நாற்பது பேர். வரிசைக்கு ஒருவர்!

“எல்லோரையும் ஐந்து வரிசையில் குடியேற்றினால் முப்பத்தைந்து மிச்சமாகுமே, உங்களுக்குத் தெரியாதா?” என்று ஏகாம்பரத்தைப் பிடித்தாள்.

“தெரியும் தாயி. ஆனால் ஒருவருக்கு ஒரு வளையைச் சொல்லிவிட்டால் மாற்றுகிற வழக்கம் இல்லை. மாமன், மச்சான் எல்லோரிடமும் முகவரி கொடுத்திருப்பார்கள். நான் பாட்டுக்கு மாற்றினால், தேரையைப் பார்க்க வந்தவன் பாம்பு வீட்டில் நுழைவான்.”

தேரையைப் பார்க்க யார்தான் வருகிறார்கள்? செங்கமலம் தேரை தனியாக இருந்த ஏழாம் வரிசைக்கே போய்க் கேட்டாள். தேரை ரொம்ப நேரம் யோசித்தது.

“பங்குனியில் ஒரு ஈ வந்தது, அக்கா.”

“வந்து?”

“தின்றுவிட்டேன்.”

“அப்புறம் யாருக்காக இந்த முகவரி?”

தேரைக்கு வாதாடத் தெரியாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போய்விட்டது.

ஏழாம் வரிசை முழுக்கக் காலி. “இப்போது யானையிடம் திருப்பிக் கொடுங்கள்” என்றாள் ஏகாம்பரத்திடம்.

“அவசரப்படாதே. பத்து நாள் பார்ப்பேன். யாரும் கேட்காவிட்டால் கொடுத்துவிடுவேன். இன்றைக்குக் கொடுத்து, நாளைக்கே ஒரு எலி வந்து நின்றால், மறுபடி மனுவோடு யானை முன்னால் யார் நிற்பது? நீயா?”

“இதுவரை எந்த வரிசைக்காவது பத்து நாள் ஆகியிருக்கிறதா?”

“ஒன்பதாம் நாள் யாராவது வந்துவிடுகிறார்களே!”

செங்கமலம் அவர் வளை வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து முள்ளைச் சிலிர்த்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது: “கொடுக்கத்தானே கிளம்பிக்கொண்டிருக்கிறேன்!”

யானை வரிசையைத் திரும்பப் பெற்றார். உடனே அவளிடம் கொடுத்தாரா? அதெப்படி! “முன்னால் இருந்தவர் வாசனைகூட அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. கழுவித்தான் கொடுப்போம்” என்று தும்பிக்கை தும்பிக்கையாகத் தண்ணீர் விட்டார். எட்டு வளையும் குளமாயின. அந்நேரம் பார்த்து வானம் இடித்து மழை கொட்டியது. செங்கமலத்துக்கு வலி கண்டது. சுற்றிலும் பார்த்தாள். நனையாத இடம் ஒன்றே ஒன்று, யானையின் வயிற்றுக்கு அடியில். நுழைந்தாள். மூன்று குட்டிகள்.

இரக்கப்பட்டு யானை அசையாமல் நின்றார். நாலாம் நாள் இரக்கம் தீர்ந்து காலைத் தூக்கினார். அதற்குள் குட்டிகளின் முள் இறுகியிருந்தது. தூக்கிய காலை மெதுவாக வைத்துக்கொண்டார்.

வளையில் தண்ணீர் நிற்கிறது என்று கேள்விப்பட்ட தேரை, ஏகாம்பரத்திடம் வந்து தன் பழைய வளையையே கேட்டது. அவர் மனுவோடு யானையிடம் போனார்.

“எனக்கு வேண்டாம், தாராளமாகக் கொடுங்கள்” என்றாள் செங்கமலம் கீழேயிருந்து. “இங்கே இடிக்க நடுச்சுவரே இல்லை.”

ஏழாம் வரிசை மறுபடி ஏகாம்பரத்தின் பேருக்குப் போனது. “பார்த்தாயா, இதற்குத்தான் நான் கொடுப்பதே இல்லை” என்றார் அவர்.

அந்த மழைக்காலம் முழுக்க, யார் எப்போது போனாலும் அதிகாரி தன் இடத்தில் இருந்தார். அப்படியொரு நிர்வாகத்தைக் காடு அதற்கு முன்னால் கண்டதில்லை.

நீதி: காலியாகக் கிடக்கிறது என்பதற்காக எதுவும் கிடைத்துவிடாது. நியாயம் கேட்கப் போகிறவர்கள் முள்ளையும் கையோடு கொண்டுபோகவும்.