இருநூறு இலைக்கு உப்பில்லாத அரிசிம்பருப்பு

பிள்ளைக்குச் சோறு ஊட்டத் தெரியாத அப்பன்மார் இரண்டு வகை. 'நமக்கு இது ஆகாதப்பா' என்று ஒதுங்கிக்கொள்கிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. இன்னொரு வகை, கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறவர்கள். நான் கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன்.

மகள் யாழினிக்கு அப்போது பத்து மாதம். நீட்டி நீட்டி எடுத்த விடுப்பெல்லாம் தீர்ந்து, என் மனைவி சுகந்தி வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம். கோயமுத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை பார்க்கும் நான், கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். "பாப்பாவுக்குச் சோறு ஊட்டறதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியாப் போ" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். (அதைக் கேட்டு அவள் சிரித்தாள். அது நம்பிக்கைச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.)

தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று எனக்கு ஒரே பயம். அதனால் கேரட்டோ பூசணியோ, எதுவானாலும் வேகவைத்து, மிக்ஸியில் இரண்டு முறை அடித்து, வடிகட்டியில் தேய்த்துத்தான் கொடுப்பேன். ஒரு பருப்புத் தோல் தட்டுப்பட்டால் மறுபடியும் மிக்ஸி. யாழினி அந்தக் கூழை வாயில் வாங்குவாள், என் முகத்தை ஒரு முறை பார்ப்பாள், பிறகு என் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். எடை வேறு ஏறவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா என் அட்டவணையைப் பொறுமையாகப் படித்தார்.

"ஏனுங்க, பாப்பாவுக்கு எத்தன பல்லுங்க?"

"நாலுங்க."

"அதுக்கும் வேல வேணுமில்லீங்களா? அந்த மிக்ஸிய எடுத்து மேல வெச்சுப்போடுங்க. நீங்க சாப்படறதுலயே உப்பு, காரம் போடறதுக்கு முன்னால கொஞ்சம் எடுத்து, கையில நல்லா மசிச்சுக் குடுங்க. பக்கத்துல வெச்சுட்டு நீங்களும் சாப்புடுங்க. பாத்துப் பழகிக்கும்."

பயபக்தியோடு தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து அட்டவணையில் 'உப்பு, காரம் கூடாது' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். மிக்ஸி இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அன்னூரில் சுகந்தியின் அண்ணன் செந்தில் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். திங்கட்கிழமை சுகந்தி வேலையில் சேர வேண்டும். அன்றுவரை யாழினி என் கையால் ஒரு வாய்கூட விழுங்கியதில்லை. வியாழக்கிழமை அன்னூருக்குப் போகும் வழியில் சுகந்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இவ சாப்பிடலைன்னா நான் வேலைய விட்டுடறேங்க." அந்த வேலைக்காக அவள் எத்தனை பரீட்சை எழுதினாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் பார்த்தால், கூழ் டப்பாக்கள் இருந்த பையை ராத்திரி முழுக்கக் காரிலேயே விட்டிருக்கிறேன். நான்கு டப்பாவும் புளித்து நுரைத்திருந்தன. அந்தப் பதற்றத்தில் செந்தில் மச்சானிடம் ஓடினேன்.

"மச்சான், மத்தியானம் கொஞ்சம் அரிசிம்பருப்பு, உப்பு, காரம் இல்லாமக் கெடைக்குங்களா?"

"அதுக்கென்னுங்க மாப்பிள்ளை. சொல்லிப்போடறேன்."

எங்கள் பக்கத்தில் வீட்டு மாப்பிள்ளை வாயைத் திறந்து ஒன்று கேட்டுவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது. 'எதற்கு, யாருக்கு' என்று குறுக்குக் கேள்வி கேட்பது மரியாதையும் இல்லை. அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மத்தியானம் பந்தியில் யாழினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் சுகந்தி. எனக்குப் பக்கத்தில் வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர். இலையில் அரிசியும் பருப்பும் ஒன்றாகக் குழைய வெந்த அரிசிம்பருப்பு விழுந்தது, மேலே நெய்யும் விழுந்தது. பாப்பாவுக்கென்று தனியாக வரப்போகிறது என்ற நினைப்பில் முதலில் நான் ஒரு வாய் சாப்பிட்டேன். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம் பெரிய மனுஷ தோரணையில் சொன்னேன்:

"சமையல்காரரு உப்புப் போடவே மறந்துட்டாரு பாருங்க. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க."

அவர் வாயில் இருந்ததை நிதானமாக விழுங்கினார். "மறக்கலீங்க. இந்த ஊட்டு மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு என்னமோ சரியில்லீங்களாமா. உப்பு, காரம் சேத்தக் கூடாதுங்களாமா. சின்ன வயசுங்களாமா, பாவம். நமக்கென்னுங்க, ஒரு நாளைக்குத்தானுங்க."

நிமிர்ந்து பார்த்தேன். பந்தி முழுக்க எல்லோரும் இலை ஓரத்தில் இருந்த உப்பைத் தொட்டுத் தொட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் உப்புக் கிண்ணத்தோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு முகமாவது சுளிக்க வேண்டுமே, இல்லை. அந்த நேரம் பார்த்து செந்தில் மச்சான் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, ஒங்களுக்கு ஒத்துக்குதுங்களா? ஒங்களுக்கு மட்டும் கிண்ணத்துல தனியா வெச்சா மருவாதியா இருக்காதுங்க. அதான் மொத்த அண்டாவையும் அப்படியே எறக்கச் சொல்லிப்போட்டேன். இருநூறு பேருங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்க. சுகரோ பிரஷரோ, எங்ககிட்ட மறைக்க வேண்டாமுங்க."

எண்ணெய் மில்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மச்சான்," என்றேன். "அது பாப்பாவுக்குங்க."

பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. அது பிளப்பதற்குள் மடியில் ஏதோ அசைந்தது. யாழினி என் இலையில் கையை முழுதாக விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் திணித்திருந்தாள். மிக்ஸி பார்க்காத, வடிகட்டி பார்க்காத சோறு. பதறிப்போய் அவள் வாயில் விரலை விடப் போனேன்.

"விடுங்க," என்றாள் சுகந்தி எதிரிலிருந்து. "மெல்லறா, பாருங்க."

மென்றாள். எண்ணெய் மில்காரரின் வாய் அசைவதைப் பார்த்துப் பார்த்து மென்றாள். விழுங்கினாள். பிறகு என்னை நோக்கி வாயைத் திறந்தாள். குழைந்த சோற்றை விரலால் இன்னும் நன்றாக மசித்து ஊட்டினேன். வாங்கிக்கொண்டாள். ஒன்பது வாய். ஒவ்வொன்றையும் எண்ணினேன். பந்தி நடுவில் உட்கார்ந்து அழுதேன். சுகந்தியும் தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எண்ணெய் மில்காரர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "கண்ணு, அந்த அரிசிம்பருப்பையே எனக்கு இன்னுங் கொஞ்சம் போடு. உப்பு வேண்டாம்."

திங்கட்கிழமை சுகந்தி வேலைக்குப் போனாள். மிக்ஸி பரணுக்குப் போனது. என் பிள்ளை ஒன்பது வாய் தின்பதற்காக, உண்மையில் யாருக்காக என்றுகூடத் தெரியாமல், இருநூறு பேர் சப்பென்ற சோற்றை மரியாதையாகச் சாப்பிட்டார்கள். நான் வாங்கிய உபகாரங்களில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. எத்தனை கும்பிட்டாலும் தகும்.

ஆனால் அதற்காக அவர்கள் என்னைச் சும்மா விட்டுவிடவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் எந்த விசேஷமானாலும் அண்டாவில் உப்பு விழுவதற்கு முன்னால் சமையல்காரர் என்னைத் தேடி வந்து, "மாப்பிள்ளை, போடலாமுங்களா?" என்று கேட்கிறார். சுற்றி நிற்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். போன தை மாதமும் வந்து கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், இப்போது ஐந்து வயதாகும் யாழினி முந்திக்கொண்டாள்.

"போடுங்க. எங்கப்பாவுக்கு இப்ப நல்லாயிருச்சுங்க."