கப்பலில் கட்டிய தாலி

"நடுக்கடல்ல, கப்பல்ல வச்சு ஒருத்தர் தாலி கட்டுனா, அந்தக் கல்யாணத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் மேடம் செல்லும்?"

மைக்கில் கேட்டு முடித்த பிறகுதான், என்ன கேட்டோம் என்பது ராஜபாண்டிக்கே உறைத்தது. அன்றைய பேச்சு கடல் எல்லைகளைப் பற்றியது. அவன் கேட்க நினைத்திருந்ததோ மீன்பிடி உரிமை பற்றி. ஆனால் மேடையில் நின்ற சித்ராதேவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவனைப் பார்த்ததும் மீனெல்லாம் தப்பித்து ஓடிவிட்டது.

"அருமையான கேள்வி" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அங்கே ஆரம்பித்து, பனாமா, லைபீரியா என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவ்வளவு நேரமும் அவனை மட்டுமே பார்த்துப் பேசினாள். ராஜபாண்டிக்குப் பனாமாவிலேயே குடியேறிவிடலாம் போலிருந்தது.

அது ஏற்றுமதிக் கோட்டா முறை ஒழிந்த வருடம். யார் வேண்டுமானாலும் எவ்வளவு பனியன் வேண்டுமானாலும் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றானதில் திருப்பூருக்குப் பாதி சந்தோஷம், பாதி பயம். நல்லூரில் ராஜபாண்டி ஷிப்பிங் டாக்குமென்ட் பார்க்கும் கம்பெனியின் முதலாளி அவனைக் கூப்பிட்டு, "இனி எல்லாமே இன்டர்நேஷனல் லா தான் கண்ணு. அவிநாசி ரோட்டுல மாசாமாசம் கூட்டம் போட்டுப் பேசறாங்களாமா. போய்க் கேட்டுட்டு வந்து எனக்கு ரெண்டு வரில சொல்லீரு" என்று அனுப்பினார். முதல் மாதம் முதலாளிக்காகப் போனான். அடுத்த மாதம் முதலாளி வேண்டாமென்று தடுத்திருந்தால் வேலையை விட்டுவிட்டுப் போயிருப்பான்.

சித்ராதேவி கோவையில் சட்டம் சொல்லிக்கொடுப்பவள். மாதம் ஒரு ஞாயிறு பஸ் ஏறி வருவாள். பேசி முடித்ததும் பங்காளித் தகராறு, செக் மோசடி என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போய் பஸ் ஏறிவிடுவாள். அவளோடு பேச ராஜபாண்டிக்கு இருந்த ஒரே வாசல் கேள்வி நேரம்தான். கையில் மைக் இல்லாவிட்டால் அவள் முன்னால் அவனுக்குக் குரலே வராது.

எனவே அடுத்தடுத்த மாதங்களும் கேட்டான். உலக வர்த்தகம் பற்றிப் பேசினாள், "ஒரு நாட்டுல செல்லுபடியாகுற கல்யாணம் இன்னொரு நாட்டுல செல்லாமப் போகுமா மேடம்?" என்றான். அகதிகள் பற்றிப் பேசினாள், "ஒரு நாட்டுல வாங்குன விவாகரத்த இன்னொரு நாடு ஒத்துக்குமா?" என்றான். எந்தத் தலைப்பில் ஏறினாலும் அவன் வண்டி கல்யாண மண்டபத்தில்தான் போய் நின்றது. கல்யாணக் கேள்விக்குத்தான் அவள் அதிக நேரம் பார்த்தாள். அவன் என்ன செய்வான்?

ஒரு நாள் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, முன்வரிசையில் தவறாமல் உட்காரும் கழிவுப் பஞ்சு வியாபாரி பொங்கியண்ணன் தோளில் கை போட்டார்.

"ஏனுங்க தம்பி, தாலிய நெசமாலுமே கப்பல்லயா கட்டுனீங்க?"

"எந்தத் தாலிங்க?"

"அட, சும்மா சொல்லுங்க. அந்தப் புள்ள இப்ப எந்த நாட்டுல இருக்குது?"

ராஜபாண்டி பிறந்தது சிவகங்கைப் பக்கம். அவன் ஏறிய ஒரே படகு ராமேஸ்வரத்தில், அதிலும் பாதியில் வாந்தி.

அறையில் உடன் தங்கியிருக்கும் தூத்துக்குடி ராபினிடம் அன்றைக்குப் புலம்பினான்.

"ஏம்ல, நேராப் போயி அந்த மேடத்துட்ட விசயத்தச் சொல்லிரேன்."

"மைக்குலயாடா சொல்றது?"

"சரி, கேட்டதெல்லாம் கூட்டாளிக்காவன்னு சொல்லித் தொல."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, "இதுவரைக்கும் நான் கேட்ட கேள்வியெல்லாம் என் நண்பர் ஒருத்தருக்காகக் கேட்டதுங்க" என்று அறிவித்தான். மண்டபம் முழுக்க 'உச்' கொட்டியது. சித்ராதேவி மிக மென்மையாக, "உங்க நண்பரைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க" என்றாள். 'நண்பர்' என்ற சொல்லை அவள் தொட்டெடுத்த விதத்திலேயே தெரிந்தது, நண்பர் யாரென்று.

அதற்கடுத்த கூட்டத்தில் உடைத்தே பேசினான். "மேடம், எனக்குக் கல்யாணமே ஆகலை."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"புரியுது. செல்லாத கல்யாணம் சட்டத்தோட பார்வையில நடக்காத கல்யாணம்தான். பல நாடுகள்ல அப்படித்தான். இருந்தாலும் கோர்ட்ல ஒரு தீர்ப்பு வாங்கி வச்சுக்கறது உங்களுக்கு நல்லது."

பொங்கியண்ணன் கை தட்டினார். பின்வரிசைகளும் தட்டின.

மறுநாளே கம்பெனிக்குச் செய்தி வந்துவிட்டது. முதலாளி அவனை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். "லீவு வேணும்னா எடுத்துக்க கண்ணு. கோர்ட்டு வேலையெல்லாம் ஒரு நாள்ல முடியாது."

இனி சாட்சிதான் வழி என்று ராபினைச் நல்ல சட்டை போடவைத்துக் கூட்டிப்போனான். சொல்ல வேண்டியது ஒரே வரி. பஸ்ஸில் வரும்போதே ராபின் அதை ஜெபம்போல் முணுமுணுத்துக்கொண்டு வந்தான். மைக்கைப் பிடித்ததும் சரியாகவே சொன்னான்.

"ராஜபாண்டிக்கு இன்னும் கல்யாணம் ஆவல மேடம்."

"இவரை உங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும்?" என்றாள் சித்ராதேவி. அவள் குரலில் ஏதோ ஓர் அவசரம் இருந்தது.

"ரெண்டு வருசமா."

"அதுக்கு முன்னாடி?"

ராபின் ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போகிறவன்; பொய்ச்சாட்சி சொல்லமாட்டான். ராஜபாண்டியைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அதுக்கு முன்னாடி நடந்தது எனக்குத் தெரியாது மேடம்."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் பொங்கியண்ணன்.

திரும்பும்போது பஸ் இறங்கும் இடத்தில் ராபின் சொன்னான்: "எல, நீ இனிமே வாயே தொறக்காத. ஒரு பிரச்சினையும் இல்லாதவன் சட்டத்துல என்னத்தக் கேப்பான்? சும்மா இரு. தானா வெளங்கும்."

ராஜபாண்டி சும்மா இருந்தான்.

கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டான். கேள்வி நேரம் வந்ததும் சித்ராதேவியின் கண் கூட்டத்தின் தலைகளைத் தாண்டி அங்கே வந்து நிற்கும். மைக் செட்டுக்கார நஞ்சப்பன் வழக்கம்போல் நேராக அவனிடம் மைக்கை நீட்டுவார். அவன் தலையை ஆட்டி அனுப்பிவிடுவான். அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். "வேற யாராவது?" என்பாள். அந்த 'வேற'யில் ஒரு சின்ன இடறல் இருக்கும். சமாதான ஒப்பந்தங்கள், ஆற்று நீர்ப் பங்கீடு, குற்றவாளிகளை ஒப்படைத்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கேட்க அவனுக்குத் தொண்டை நிறையக் கேள்விகள் இருந்தன. ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிடந்த அத்தனை நாட்களிலும், இன்வாய்ஸில் ஹாம்பர்க் என்று அடிக்க வேண்டிய இடத்தில் அவன் பனாமா என்று அடித்துத் திருத்தினான். மழை பெய்த ஒரு ஞாயிறு அவன் மட்டும் நனைந்துகொண்டு முன்னதாகவே போய்ச் சேர்ந்தான். அவளும் நனைந்து வந்தாள். வராந்தாவில் இருவரும் தனியாக நின்றார்கள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

"நல்லா இருக்கேன் மேடம்" என்றான், எந்தப் பிரச்சினையும் இல்லாதவனின் முழுச் சிரிப்போடு. "ரொம்ப நிம்மதியா இருக்கேன்."

"சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, மழையைப் பார்த்தபடி முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நன்றாக நடித்தோம் என்று அவனுக்குத் திருப்தி.

அடுத்த முறை மேடையில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியர் சுங்க வரி பற்றிப் பேசினார். கேள்வி நேரத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த நஞ்சப்பனிடம் போய் நின்றான்.

"அண்ணே, சித்ராதேவி மேடம் வரலயா?"

"இனி வரமாட்டாங்க தம்பி. கண்ணாலமாயி பெங்களூரு போயிட்டாங்க."

நஞ்சப்பன் வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனுக்காகச் சந்தோஷப்படுகிறவரைப் போலச் சிரித்தார்.

"வந்த மாப்பிள்ளையையெல்லாம் தட்டிக் கழிச்சுப்போட்டு, 'அவருக்கு டைவர்ஸ் ஆயிருச்சா, அவருக்கு டைவர்ஸ் ஆயிருச்சா'ன்னு மாசாமாசம் எங்கிட்டத்தானுங்க கேட்டுட்டிருந்தாங்க. நீங்க கேள்வி கேக்கறதையே நிறுத்துனதும், சரி, சம்சாரத்தோட ராசியாயிட்டாருன்னு மனசைத் தேத்திக்கிட்டாங்க."