அம்புக்குறி வைத்தியம்

மனிதகுலம் கண்டுபிடித்த மருந்துகளில் தலைசிறந்தது அம்புக்குறி. பத்தியம் கிடையாது, பக்க விளைவு கிடையாது, கறுப்புப் பேனா ஒன்று இருந்தால் போதும். எங்கள் இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

நான் அங்கே தரக்கட்டுப்பாட்டுத் துறை. துறையில் வேலை செய்பவள் அல்ல, துறையே நான்தான். வெள்ளைப் பேசினில் குஞ்சுகளை விட்டு, கையால் தண்ணீரைச் சுழற்றுவேன். நலமான குஞ்சு சட்டென்று திரும்பி, சுழலை எதிர்த்து நீந்தும். நோஞ்சான் நீரோடு போகும்.

அன்று எல்லாமே நீரோடு போயின. உடனே 'அவசர உயர்மட்டக் கூட்டம்' கூடியது: மேலாளர், அவருடைய மைத்துனரான விற்பனைத் தலைவர், ஓரமாக நான்.

"நோஞ்சானா இருக்கு சார்," என்றேன், மேசையைப் பார்த்து.

"நோஞ்சான்னு சொல்லாதம்மா," என்றார் மேலாளர். "அடக்க ஒடுக்கமா இருக்குன்னு சொல்லு."

"அந்தப் பக்கமா சுத்திப் பாத்தீங்களா?" என்றார் மைத்துனர்.

"பாத்தேன் சார். அந்தப் பக்கமா போச்சு."

"சுத்தாமலே விட்டா?"

"சும்மா கிடக்கு சார்."

"அப்ப தப்பு சுத்தறதுலதான் மாமா!"

மேலாளர் கண்களை மூடினார். வரலாற்றுத் தருணங்களில் அவர் அப்படித்தான். தூங்கும்போதும் அப்படித்தான் என்பதால் சற்றுக் காத்திருந்தோம்.

"குஞ்சு போறப்ப ஒரு போட்டோ எடு. போட்டோவுல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியுமா?"

"தெரியாது மாமா."

"அப்புறம் என்ன? தண்ணி எதிர்ப்பக்கம் ஓடுற மாதிரி அம்புக்குறி போடு."

ஒரே கோடு. தொட்டி முழுக்க இருந்த நோயாளிகள் குணமடைந்தார்கள். படம் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டது.

மறுநாள் குளத்துக்கார அக்கா ஒருவர் குஞ்சு வாங்க வந்தார். போன தடவை வேறெங்கோ வாங்கிக் குளத்தில் விட்டது மொத்தமும் செத்து மிதந்ததாம்.

"இந்த வாட்டியும் போச்சுன்னா குளத்தை மூடிட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்," என்றவர், படத்தைக் கண்டு முகம் மலர்ந்தார். "அடேங்கப்பா, அத்தனையும் எதிர்நீச்சல் போடுதே! பாப்பா, நேர்ல ஒருவாட்டி சுத்திக் காட்டேன்."

"இப்ப தூங்குதுங்க," என்றார் மைத்துனர்.

"எழுப்பு தம்பி."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆகவே பேசாமல் சுற்றினேன். குஞ்சுகள் ஊர்வலமாக நீரோடு போயின.

மேலாளர் அசரவில்லை. "குஞ்செல்லாம் சரியாத்தான் போகுது. தண்ணிதான் தப்பா ஓடுது."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சரியா ஓடுற தண்ணியா பாத்து நீங்களே வளத்துக்கோங்க சார்." கொண்டுவந்த பெட்டிகளைக் காலியாகவே வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மிக நேர்மையான கடிதம். நிர்வாகத்தை இதற்காகவும் பாராட்ட வேண்டும். அலுவலக மொழியை உரித்துப் பார்த்தால் என் குற்றம் ஒன்றே ஒன்றுதான்: நிறுவனம் காசுக்கு விற்கும் நோயை, ஒரு வாடிக்கையாளருக்கு இலவசமாகக் காட்டிவிட்டேன்.