கடப்பாரை அத்தை இடித்த அடுப்பு

இந்த உலகத்தில் சுவர்கள் இரண்டே வகை. கடப்பாரை அத்தை பார்த்த சுவர், பார்க்காத சுவர். பார்க்காதவை எல்லாம் ஆண்டவன் புண்ணியத்தில் இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன.

அத்தை என் அப்பாவின் அக்கா. ஊத்துக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்திருக்க வேண்டும். யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மே மாத விடுமுறை தொடங்கியதும் பஸ் பிடித்துத் திருவள்ளூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மற்ற வீட்டு அத்தைகள் முறுக்கும் மாம்பழமும் கொண்டுவருவார்கள். எங்கள் அத்தை கடப்பாரை கொண்டுவருவாள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. "அது கைக்கு அடங்கல" என்று முதல் வருஷமே அதை ஒதுக்கிவிட்டாள். ஊத்துக்கோட்டை வீட்டில் இடிக்க ஒன்றும் பாக்கியில்லை, அதனால்தான் இங்கே வருகிறாள் என்று அப்பா சொல்வார். அதையும் அவள் பஸ் ஏறிப் போன பிறகுதான் சொல்வார்.

ஒரு தடவை அவளோடு நானும் அந்த பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் புதியவர், பாவம்.

"இன்னாம்மா, கடப்பாரைய எடுத்துகினு ஏர்ற? லக்கேஜ் போடணும்."

"அது இன்னா, சீட்டுல உக்காந்துகினா வருது? நிக்குது. நிக்கறதுக்கு இன்னா லக்கேஜு?"

கண்டக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அத்தை கடப்பாரையைத் தூக்கி ஒரு முறை தரையில் ஊன்றினாள். சத்தியமாக மிரட்டவில்லை; கை வலித்தது, மாற்றிப் பிடித்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு அந்த பஸ், ஸ்டாப்பே இல்லாத எங்கள் தெருமுனையில் நின்று எங்களை இறக்கிவிட்டுப் போனது.

முதல் கோடையில், நடு அறை இருட்டாக இருக்கிறது என்றாள். அப்பா அரிசி மில்லில் வேலை முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தால், காலையில் சுவர் இருந்த இடத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் எங்களைப் பார்த்தார். பிசைந்த சோறு கையில் ஒட்டியிருக்க, சண்டைக்கு வந்தார். அத்தை அவரை உட்காரவைத்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அவர் வீட்டுப் பின்சுவர் அதை எப்படி மறித்துக்கொண்டு நிற்கிறது என்று நிதானமாக விளக்கினாள். மனிதர் கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க ஊட்டுக்கு எப்போம்மா வருவீங்கோ?" என்றார்.

திருவள்ளூர்க்காரர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. அமாவாசை வந்தால், கோயில் குளத்தில் முழுக்குப் போட எங்கெங்கோ இருக்கிற உறவெல்லாம் முதல் நாளே வந்து இறங்கிவிடும். தங்கி, முழுகி, சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பும். "நம்ம வாசலுக்கு வந்தவங்க பசியோட திரும்பனது இல்ல" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். பெருமை அப்பாவுக்கு, அடுப்புப் புகை அம்மாவுக்கு.

அந்தக் கூட்டத்தையும் அத்தை விட்டுவைக்கவில்லை. ஓர் அமாவாசைக்கு வந்தவர்கள் கையிலெல்லாம் வெள்ளையடிக்கிற மட்டையைக் கொடுத்துவிட்டாள். "பாவத்த குளம் பாத்துக்கும். செவுத்த ஆரு பாத்துக்கறது?" கஞ்சி போட்ட சட்டையோடு மெட்ராஸிலிருந்து வந்த அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஏணி மேல் நின்று சுண்ணாம்பு அடித்ததை நானே பார்த்தேன். அந்த ஆள் வீட்டில் துண்டைக்கூட எடுத்து வைக்காதவராம். அத்தையை நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போதுதான் அந்தக் கோடை வந்தது.

அம்மாவின் ஊர் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, பழவேற்காடு ஏரிப் பக்கம். அம்மாவின் தங்கை வசந்தா சித்தி தலைப்பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தாள். ஆனால் அந்த வீட்டில் பெண் துணையே கிடையாது. அவர்களுடைய அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. இருந்தது தம்பி மட்டும்தான், என் மாமா. கல்யாணம் ஆகாதவர், கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை. அவர் லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"அக்கா, சின்னக்கா ரொம்ப பயப்படுது. நீ வந்தாத்தான் ஆச்சுன்னு அழுவுது. நாளு கிட்ட வந்துடிச்சின்னு மருத்துவச்சி சொல்றாங்கோ."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அமாவாசை வருது மச்சான். சனம் வரும். அது முடிஞ்ச அடுத்த நாளே அனுப்பி வெச்சிடறேன்" என்றார் அப்பா.

அம்மா உள்ளே போய்விட்டாள். கொடுத்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு மாமா கிளம்பினார். அத்தை வெற்றிலை மென்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை பேசாமல் இருந்தால் ஏதோ ஒரு சுவருக்குக் கெட்ட காலம் என்பது எங்களுக்குத் தெரியும். எந்தச் சுவர் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மதியம் அப்பா சாப்பிட வந்தபோது அடுப்பங்கரையில் அடுப்பு இல்லை. அடுப்புக்குப் பின்னாலிருந்த சுவரும் இல்லை. கொல்லை முருங்கை மரம் நன்றாகத் தெரிந்தது. செங்கல் குவியல் மேல் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா! இன்னாக்கா இது?"

"பொகபோக்கி வெச்சி புது அடுப்பு போடப்போறேன்."

"எப்போ முடியும்?"

"மண்ணு காயணும் நைனா. பச்ச மண்ணுல தீ வெச்சா வெடிச்சிடும்."

"அமாவாசைக்கு சனம் வருமே!"

"வரட்டும். குளத்துல முழுவத்தானே வராங்கோ? குளத்தயா இடிச்சிட்டேன்?"

பொழுது சாய்வதற்குள் ஜன்னல் வைத்தவள் ஓர் அடுப்புக்கு நாள் கணக்குச் சொல்கிறாளே என்று அப்பாவுக்குப் பொறி தட்டியது.

"நீ வேணும்னேதான் இடிச்சிகீற. இவள தங்கச்சிகிட்ட அனுப்பறதுக்காவ! நம்ம அம்மா இருந்திருந்தா இப்படி உட்டிருக்குமா? எத்தினி பேரு வந்தாலும் சோறு போட்ட ஊடு இது!"

அத்தையிடம் அப்பா குரலை உயர்த்தி நாங்கள் பார்த்ததே இல்லை. அத்தை கடப்பாரையைக் கீழே வைத்தாள்.

"நம்ம அம்மாவப் பத்தி எங்கிட்ட சொல்றியா? மொத புள்ளைக்கு எனுக்கு நாளு முந்தி நோவு எடுத்துடிச்சி. ஊத்துக்கோட்டைலயே மாட்டிகினேன். இங்க ஆள் அனுப்பிச்சாங்கோ. அமாவாசைக்கு சனம் வந்துகீது, சோறு போட்டு அனுப்பிட்டு நாளைக்கி வரேன்னு சொல்லிச்சி நம்ம அம்மா. சொன்ன மாதிரி வந்திச்சி. புள்ளதான் இல்ல. புடிச்சிக்க ஒரு கை இல்லாம கெடந்தேன்டா நைனா. நீ அப்போ சின்னப் பையன், உனுக்கு ஆரும் சொல்லல."

அத்தைக்குக் குழந்தை கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். ஒன்று பிறந்து போனது தெரியாது. அப்பா சட்டையைக் கழற்றி, மாட்டுவதற்கு ஆணியைத் தேடினார். ஆணி இருந்த சுவர் இல்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து உடைந்த செங்கல்லை அள்ளத் தொடங்கினார்.

"சரோஜா, துணியெல்லாம் எடுத்து வெச்சிக்கோ. காத்தால ரயிலுக்குப் போலாம்" என்றார் அம்மாவிடம்.

ஸ்டேஷனுக்கு அத்தையும் வந்தாள். சுக்கு, பூண்டு, நல்லெண்ணெய், வெளுத்த பழந்துணி என்று அவள் கட்டிய மூட்டை அம்மாவைவிடப் பெரியது. அதை ஏற்றி முடிப்பதற்குள் கார்டு கொடியைத் தூக்கிவிட்டார். "இரு நைனா, புள்ளத்தாச்சிக்குப் போற மூட்ட" என்றாள் அத்தை. கார்டு கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்து ஒரு கை கொடுத்தார். அம்மாவைக் கொண்டுபோய் விட அப்பாவும் ஏறிக்கொண்டார். பேசின் பிரிட்ஜில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். என்னை அத்தையிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

அப்பா திரும்பிவந்தார், அமாவாசையும் வந்தது, சனமும் வந்தது. அத்தைக்குச் சமையல் சுத்தமாக வராது. கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து அண்டா நிறையக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாள். அதில் கட்டி ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. குளத்தில் முழுகிவிட்டுத் திரும்பியவர்களை வரிசையாக நிறுத்தி, அடுப்புக்கு மண் மிதிக்கச் சொன்னாள். "மிதிச்சவங்களுக்குத்தான் கூழு." பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் மிதித்தார்கள். மெட்ராஸ் அண்ணனும் மிதித்தார். ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. இரண்டாவது தடவை கூழ் கேட்கவும் இல்லை. அடுத்த அமாவாசைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த கூட்டம் பாதிதான்.

கூழ் காய்ச்சிய அமாவாசைக்கு மறுநாள் மாமா கற்கண்டோடு வந்து நின்றார். பெண் குழந்தையாம். அமாவாசை அன்றைக்கே பிறந்துவிட்டதாம். கொடி கழுத்தில் மாலையாகச் சுற்றிக்கொண்டிருந்ததால் சித்தி ரொம்பக் கஷ்டப்பட்டாள், அக்கா பக்கத்தில் இருந்ததால்தான் தைரியமாக இருந்தாள் என்று சொன்னார். அப்பா கையில் கற்கண்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தை "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புக்கு மண் பூசப் போய்விட்டாள்.

அம்மா திரும்பியபோது பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எந்த வருஷமும் அத்தை அவ்வளவு நாள் தங்கியதில்லை. ஏரி வெயிலில் கறுத்துப்போய், சிரித்துக்கொண்டு வந்த அம்மாவுக்குப் புது அடுப்பைக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அத்தை அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வசந்தா கையப் புடிச்சிகினு இருந்தியா?"

"உடவே இல்ல அண்ணி. கொழந்த அழுவற வரைக்கும் புடிச்சிகினே இருந்தேன்."

அத்தை அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மெதுவாகத் தடவிக்கொடுத்தாள். எனக்கு அத்தையைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.