ஆறாவது சிலிண்டர் விஷயமாக அக்காவுக்கு

சந்தாபுரா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வெங்கடராமன் வணங்கி எழுதுவது. இங்கே மகள் சுப்ரியாவும் நானும் சுகம். உன் மூட்டுவலியும் மாமாவின் இருமலும் இந்த மழையில் தொந்தரவு தராமல் இருக்க வேண்டும்.

சுப்ரியாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்ஜின் கம்பெனியில் வேலை என்று சொன்னேன் அல்லவா? டீசல் ஜெனரேட்டருக்குப் பாதி டீசல், பாதி கேஸ் கொடுத்து ஓட்டுகிறார்கள். அந்த கேஸ் காற்றோடு எப்படிக் கலக்கிறது என்று கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்பதுதான் இவள் வேலை. சிவப்பு என்றால் கேஸ், நீலம் என்றால் காற்று, கலந்தால் பச்சை. ஆறாவது சிலிண்டருக்குப் போகிற வழி மட்டும் சிவப்பாகவே இருக்குதாம். அங்கே கேஸ் அதிகமாகி இன்ஜின் தட்டும், அதாவது உள்ளே சுத்தியல் அடிச்ச மாதிரி அதிர்ந்து தானா நின்னுடும், கேஸ் குழாயைத் தள்ளி வைக்கணும்னு மேனேஜர் பரத்கிட்ட சொல்லியிருக்கா. அவரு, குழாய் செஞ்சாச்சு, புதன்கிழமை ஓட்டியே பார்த்துடலாம்னாரு. இவ ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. வேலையை நிரந்தரம் பண்ண இன்னும் ஒரு மாசம் இருக்கு அக்கா. எனக்குச் சோறு இறங்கல.

புதன்கிழமை அவளுக்குத் தெரியாம பஸ் ஏறிப் போய் பரத்தைப் பார்த்து, சின்னப் பொண்ணு, மனசுல வச்சுக்காதீங்க சார்னு கேட்டுக்கிட்டேன். அவரு என்னைவிடக் கூச்சப்பட்டாரு. வாங்க அங்கிள், நீங்களே பாருங்கன்னு காதுக்கு மூடி கொடுத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓரமா நிக்க வச்சாரு. சுப்ரியா என்னைப் பார்த்துட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கிட்டா. டீசல்ல இன்ஜின் நல்லாத்தான் ஓடிச்சு. கேஸை ஏத்த ஏத்த எல்லாரும் ஆறாம் நம்பரையே பார்க்குறாங்க. நானும் எட்டிப் பார்த்துக்கிட்டே சுவர்ல சாஞ்சேன். டக்குனு இன்ஜின் நின்னுபோச்சு. அப்புறம் பரத் திரும்பி, "சுப்ரியா, நீங்க சொன்னதுதான் சரி"ன்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. திரும்பி வரும்போது பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட தமிழ்ல சொன்னேன், கண்டக்டர்கிட்ட கன்னடத்துல சொன்னேன். பொம்பளைப் பிள்ளைக்கு இன்ஜின் எதுக்குன்னு கேட்ட மாமாகிட்டயும் நீ இதை வாசிச்சுக் காட்டணும்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். மாமாவுக்கு நமஸ்காரம்.

உன் தம்பி,
வெங்கடராமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் சுப்ரியா படித்துவிட்டாள். இன்ஜின் தானாக நிற்கவில்லையாம். நான் சாய்ந்த சுவரில் அவசரத்துக்கு நிறுத்தும் பொத்தான் இருந்திருக்கிறது. கேமராவில் என் முழங்கை தெளிவாகத் தெரிகிறதாம். நேற்று மறுபடி ஓட்டினார்கள். ஆறாவது தட்டவே இல்லை, மூன்றாவதுதான் தட்டியது. ஆகையால் மாமாவிடம் வாசிக்க வேண்டாம். வேலை போச்சு என்று நான் உட்கார்ந்திருக்க, கணக்கில் எந்த இடம் தப்பு என்று இப்போதுதான் பிடிபட்டதாக இவளும் பரத்தும் போனில் ஒரு மணி நேரமாகச் சிரித்துப் பேசுகிறார்கள். தப்பானதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவர்களை முப்பது வருஷ தபால் ஆபீஸ் வேலையில் நான் பார்த்ததே இல்லை.