கறுப்பு பீருக்கு வகை சொன்ன பார்லி சார்

மதுவிலக்கு அமலில் இருந்த ஊரில், ஒரு சொட்டு பீர் இல்லாமலே ஊர் முழுவதையும் தள்ளாட வைத்தவர் என்றால் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான். எங்கள் பார்லி சார்.

எழுபதுகளின் பிற்பாதி. உறையூரில் ஒரு மாடி அறையில் அவரும் நானும் கூட்டுக் குடித்தனம். இலங்கை மலைநாட்டில் ஒரு பீர் ஆலையில் காய்ச்சுகிறவருக்கு உதவியாளராக இருந்தவர். மலைநாட்டுத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் அது இதுவென்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவராம். பேரன் திரும்பி வந்து எங்கள் ஆபீசில் ஸ்டோர் கீப்பர். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. அதை யார் கண்டார்கள்? பீர் காய்ச்சும் பார்லியைப் பற்றியே எந்நேரமும் பேசியதால் எங்களுக்கு அவர் பார்லி சார்.

வந்தபின் அவர் குடித்ததே இல்லை. அதைப் பற்றி வருத்தமும் இல்லை. பேசாமல் இருக்கத்தான் முடியாது. அதுவும் கறுப்பான, பலமான பீர் என்றால் தீர்ந்தது. ஈஸ்ட் மேலே மிதந்து புளிக்க வைத்தால் அது போர்ட்டர், ஸ்டவுட் வம்சம். அடியில் தங்கி, குளிரில் நிதானமாகப் புளிக்க வைத்தால் ஜெர்மன்காரனின் பாக் வம்சம். போர்ட்டருக்குப் பலசாலித் தம்பி ஸ்டவுட். அவனையும் தூக்கிச் சாப்பிடுவது ரஷ்ய அரண்மனைக்கென்று காய்ச்சிய இம்பீரியல். பால்டிக் போர்ட்டர் என்று ஒன்று உண்டு. பெயர் போர்ட்டர், புளிப்பதோ பெரும்பாலும் பாக் மாதிரி. அதைச் சொல்லும்போது மட்டும், வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல அவர் குரல் கம்மிவிடும்.

மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தால் வத்தக்குழம்பு, கடுங்காப்பி, சுக்குக் கஷாயம் மூன்றையும் வரிசையாக வைத்துக்கொள்வார்.

"பாருங்க தம்பி, மூணும் கறுப்பு. அதனால மூணும் ஒண்ணாயிடுமா?"

"ஆகாது சார். குழம்பு ஆறுது, சாப்பிடுங்க."

ஒருமுறை டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு டபுள் ஸ்டவுட் காய்ச்சும் முறையை எனக்கு விளக்கினார். பின்னால் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். கள்ளச்சாராயக் கோஷ்டி என்று நினைத்து இருவரையும் ஸ்டேஷனுக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டார். இன்ஸ்பெக்டர் பாவம், "என்னய்யா விஷயம்?" என்று கேட்டுத் தொலைத்தார். பார்லி சார் ஈஸ்டில் ஆரம்பித்தார். பால்டிக் கடல் வருவதற்குள் இன்ஸ்பெக்டர் கும்பிடு போட்டுவிட்டார்.

"இவரைக் கூட்டிட்டுப் போயிடுங்க சார். குடிக்காமலே எனக்குத் தலை சுத்துது."

இப்படிப்பட்டவருக்குத்தான் நாற்பதைத் தாண்டி ஒரு வரன் வந்தது. மனிதர் வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும், இந்த ஊரில் தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு உள்ளூர இருந்தது. பெண் பொன்மலையில் டீச்சர். நிறம் கறுப்பு என்று சொல்லிச் சொல்லியே வந்த வரனெல்லாம் தட்டிப்போய் முப்பதைக் கடந்திருந்தாள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதோடு, மாதா கோயில் மதுவிலக்கு சபைக்கு அவர்தான் தலைவர்!

பெண் பார்க்கப் போகிற வழியெல்லாம் கெஞ்சினேன். "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பீருங்கிற வார்த்தையே வாயில வரக் கூடாது."

யோசித்தார். "ஸ்டவுட்டுன்னு சொல்லலாமா?"

எனக்கு அழுகையே வந்தது.

பெண் வீட்டில் எல்லாம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. கேக், மிக்சர். அப்பா கேட்டார்: "இலங்கையில என்ன வேலைங்க?"

நான் முந்திக்கொண்டேன். "பார்லிக் கஞ்சிங்க. உடம்புக்கு ரொம்பக் குளிர்ச்சி."

பார்லி சார் நெளிந்தார். துடித்தார். நான் காலை மிதித்தும் பயனில்லை. "கஞ்சி இல்லீங்க. கறுப்பு பீர்."

அப்பாவின் முகம் அடுப்புக் கரி மாதிரி கனன்றது. "ருசி பார்த்துட்டுத் துப்பிடுவாருங்க!" என்றேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

"துப்புறது ஒயினைங்க, தம்பிக்குத் தெரியாது. பீரை விழுங்கினாத்தான் பின்னால வர்ற கசப்பு தெரியும்."

அப்பா எழுந்துவிட்டார். எங்களோடு வந்த தரகர் நிலைமையைச் சமாளிக்கிறேன் பேர்வழி என்று வாயைத் திறந்தார். "கோவப்படாதீங்கய்யா. உங்க பொண்ணும் கறுப்புதான. இவரு போனாப் போகுதுன்னு வந்திருக்காரு..."

காபித் தட்டோடு வந்த பெண் வாசற்படியிலேயே நின்றுவிட்டதைப் பார்த்தேன். அவள் கேட்டுப் பழகிய பேச்சு அது.

பார்லி சார் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "யோவ்! நிறத்தை வச்சு எவனாவது வகை சொல்லுவானா? என்ன ஈஸ்ட்டு, வறுத்த பார்லியா இல்லையா, எவ்வளவு பலம், எவ்வளவு காலம் ஊறுச்சு, இத்தனையும் பார்க்கணும்யா! கறுப்புங்கிறது ஒரு வகையே இல்ல. ஒண்ணும் தெரியாதவன் சொல்ற வார்த்தை அது!"

போச்சு, பெண்ணை பீரோடு சேர்த்துவிட்டார், அடி நிச்சயம் என்று நான் செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப நான் எந்த வகைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

உலகத்துக் கறுப்பு பீரையெல்லாம் வகை பிரித்தவர் முழித்தார். தலையைச் சொறிந்தார். "தெரியலீங்க. பலமானதா இருந்தா பார்த்த உடனே சொல்ல முடியாது. வருஷக் கணக்கா கூட இருந்து பார்க்கணும்."

அவள் அப்பாவிடம் திரும்பினாள்.

"இருந்து பார்க்கட்டும்ப்பா."

மதுவிலக்கு சபைத் தலைவர் மெல்ல உட்கார்ந்தார். பார்லி சார் சட்டைப்பையைத் துழாவிக் கைக்குட்டையை எடுத்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். என் பக்கம் நீட்டினார். அழுதுகொண்டிருந்தவன் நான்தான்.