பதினெட்டுக்குப் பதினெட்டு

பதினெட்டு மருந்து. பதினெட்டுக்கும் நேராகக் ‘கட்டுப்படும்’ என்று அடித்துக் கொடுத்திருந்தது இயந்திரம். எழில் அந்தத் தாளைக் கொண்டுபோய் டாக்டர் ரேணுகாம்பாளின் மேசையில் வைத்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யாருது இது?"

"அப்பாசாமினு ஒருத்தர் மேடம். பஸ் ஸ்டாண்டுகிட்ட கடை வெச்சிருக்காரு. பௌர்ணமிக்கு வெறுங்கால்ல மலை சுத்தும்போது ஏதோ குத்தி, சீழ் கோத்துக்கிச்சு."

"இந்த ஊர்ல இப்படி ஒரு கிருமி இருக்கவே முடியாது. இங்க தும்மினாலே ஆன்டிபயாட்டிக் வாங்கி முழுங்கறாங்க. உன் மெஷின் பொய் சொல்லுது."

ஆஸ்பத்திரி லேபுக்கு ஒரு மாதச் சோதனையாக வந்திருந்த இயந்திரம் அது. புண்ணில் இருக்கும் கிருமியின் பெயரையும், எந்த மருந்து அதைக் கொல்லும் என்பதையும் தானே கண்டுபிடித்துச் சொல்லும். வந்த அன்றே அதற்கு ஒரு நெற்றியைக் கண்டுபிடித்துக் குங்குமம் வைத்துவிட்டார்கள். அதை ஓட்டத்தான் எழிலை வேலைக்கு எடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் டாக்டருக்கு நம்பிக்கை வராவிட்டால் இயந்திரம் சென்னைக்குத் திரும்பும், எழில் போளூருக்குத் திரும்புவாள். அன்று திங்கள்.

அதே கிருமியை மறுபடி ஓட்டினாள். செவ்வாயன்றும் பதினெட்டுக்குப் பதினெட்டு. ஒரே பொய்யை ரெண்டு தடவை சொன்னால் உண்மையாகிவிடுமா என்று கேட்டார் டாக்டர்.

கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டாள். வேறு யாருடைய புண்ணையாவது எடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார் அவர். புண்ணுக்கு எங்கே போவது என்று வெளியே வந்தவள் கண்ணில், கேட்டருகே நொண்டிக்கொண்டிருந்த வாட்ச்மேன் சுப்பிரமணி பட்டார். அவரும் அதே பௌர்ணமிக்கு மலை சுற்றியவர். குதிகால் வெடிப்பில் நல்ல சீழ்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. அதே கிருமி. ஆனால் பதினாறு மருந்துக்குக் கட்டுப்படாது.

எழிலுக்கு நிம்மதி. இயந்திரத்துக்குக் ‘கட்டுப்படாது’ என்று சொல்லவும் தெரிகிறது. சுப்பிரமணிக்குத்தான் நிம்மதி போனது. பதினாறு என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, ஆரணியிலிருந்த தம்பியை வரச்சொல்லி, சைக்கிளை யாருக்கு எழுதிவைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

"அதான் பாக்கி ரெண்டு இருக்கே அண்ணா. ஒண்ணே போதும்."

"பதினாறே கைய விரிச்சிடுச்சு. ரெண்டு என்னா கிழிக்கும் பாப்பா?"

டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். சுப்பிரமணியின் தாள் அவருக்குப் பிடித்திருந்தது. இந்த ஊர்க் கிருமி என்றால் இப்படித்தான் இருக்கும்.

"மெஷின் கரெக்டா இருக்கு. அப்போ அந்த அப்பாசாமி லேபிளைத்தான் நீ மாத்தி ஒட்டியிருக்கே. யாரோட சீழோ அது."

"என் கையாலதான் ஒட்டினேன் மேடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இதுவரை இயந்திரத்தோடு சேர்ந்து போக வேண்டியிருந்தது. இப்போது இயந்திரம் இருக்கும். அவள் மட்டும் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாசாமியை வரவழைத்து டாக்டர் எதிரிலேயே உட்காரவைத்தாள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, போன ரெண்டு வருஷத்தில் என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்பது.

"ஒண்ணுமே இல்லீங்க மேடம். காய்ச்சல் வந்தா கஞ்சி குடிச்சிட்டுப் படுத்துடுவேன். ரெண்டு வருஷம் என்னா, எனக்கு விவரம் தெரிஞ்சு ஆன்டிபயாட்டிக்கை வாயில வெச்சதில்ல. ஜாஸ்தி சாப்பிட்டா அப்புறம் எதுவுமே வேலை செய்யாதுனு தெரியுங்க."

டாக்டர் அப்பாசாமியின் தாளை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு இயந்திரத்தை வைத்துக்கொள்கிறோம் என்று கம்பெனிக்கு எழுதச் சொன்னார். எழிலையும் சேர்த்துத்தான் என்றார். மன்னிப்பு கேட்கவில்லை. டாக்டர்கள் கேட்பதில்லை.

ஆனால் அவருக்கு ஒரே சந்தோஷம். இப்படி ஒரு மனிதரை ஊரே பார்க்க வேண்டும் என்று, முதலில் சுப்பிரமணியைக் கூப்பிட்டார். அவர் நொண்டியபடி உள்ளே வந்தார்.

"சுப்பிரமணி, இவரப் பாத்துக் கத்துக்கோ. மருந்தைப் பத்தி எவ்ளோ தெரிஞ்சு வெச்சிருக்காரு பாரு."

"தெரியாம இருக்குமா மேடம்? எனக்கு எப்ப இருமல் வந்தாலும் மூணு கலர்ல மாத்திரை மடிச்சுக் குடுக்கறது இந்த மெடிக்கல் அண்ணன்தானே."